சிங்கில் ஊற்றிய பால்

கேள்வி: நாங்கள் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. எங்கள் வீட்டுப் பின்பக்க அவுட்பில்டிங்கில் என் நாத்தனார் குடியிருக்கிறாள். அவளுக்கு மூன்றரை மாதப் பையன். போன மாதம் வேலைக்குத் திரும்பிவிட்டாள், துணிக்கடையில் டில்லில், பணம் வாங்கும் இடத்தில், நிற்கிறாள். பகலில் பையன் என்னிடம்தான். அவள் பால் எடுத்து இரண்டு புட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். அவனோ புட்டியைக் கண்டாலே வீறிட்டு அழுகிறான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே பால் கொடுத்தேன். மூன்று வாரமாக அதுவே பழக்கமாகிவிட்டது. அவளிடம் சொன்னால் சங்கடப்படுவாள் என்று, புட்டிப் பாலைச் சிங்கில் ஊற்றிவிட்டுக் கழுவி வைத்துவிடுகிறேன். மாமியாருக்குத் தெரியும். "முருகனுக்கே ஆறு பேர் பால் கொடுத்தார்கள்" என்கிறார். பாவம், நாத்தனாருக்கு இப்போது பால் குறைந்துகொண்டே வருகிறது. நான்தான் வெந்தயக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கெட்ட நோய் எதுவும் கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன்: இப்படிக் கொடுப்பது அவனுக்குப் பாதுகாப்பா? என் மகளுக்குப் பால் போதாமல் போகுமா? இருவரும் முறைப்பிள்ளைகள். ஒரே பால் குடித்தால் அக்கா தம்பி ஆகிவிடுவார்களா?
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிங்கைத் தாண்டி என்னால் போக முடியவில்லை, பெண்ணே.

தினம் இரண்டு புட்டி. அது எப்படிச் சேர்ந்தது என்று ஒருநாளாவது யோசித்தாயா? டில்லில் நிற்கிறவளுக்குப் பால் பீய்ச்ச இந்த ஊர்க் கடைகளில் தனி அறையா இருக்கிறது? ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அதுவும் இல்லையென்றால் கழிப்பறையில். ஒரு கையில் பம்ப், கண் கதவின் மேல். குழந்தையின் வாய் பட்டால் சுரக்கிற மார்பு, பிளாஸ்டிக்குக்கு அப்படிச் சுரந்துவிடாது. கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் சில நாள் புட்டியின் அடிதான் நனையும். அதைக் கூலர் பையில் போட்டு, மினிபஸ் டாக்ஸி நெரிசலில் மடியில் வைத்துக் காபந்து பண்ணி வீடு கொண்டுவந்து சேர்க்கிறாள். நீ குழாயைத் திறந்துவிட்டு ஊற்றுகிறாய். ஊற்றியதோடு விட்டாயா? புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாய், தன் பிள்ளை குடித்தான் என்று அவள் நம்பவேண்டும் என்பதற்காக.

பையன் அழுதான், மனசு கேட்கவில்லை, எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாய். அந்த முதல் நாளுக்காக உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அன்று மாலை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்று வாரமும் நீ செய்தது அவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

"பாவம், பால் குறைகிறது" என்று எழுதியிருக்கிறாயே, படித்துவிட்டுச் சிறிது நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பால் எடுக்க எடுக்கச் சுரக்கும். எடுக்காவிட்டால் அடங்கிப்போகும். மாலையில் அவள் மார்பு கனத்து, ஜாக்கெட் நனைய ஓடிவருகிறாள். சற்று முன்புதான் உன்னிடம் வயிறு முட்டக் குடித்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் என்ன நினைப்பாள்? வேலைக்குப் போனதால் பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பாள். குடிக்காததால் சுரப்பு இன்னும் குறைகிறது. அவளுக்குப் பால் வற்றுவதற்குக் காரணமே நீதான். அதற்கு நீயே வெந்தயக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாய். அந்தக் கஞ்சியை அவள் நன்றி சொல்லி வாங்கிக் குடித்திருப்பாள், இல்லையா?

இப்போது பாதுகாப்பு. அதுவும் இந்தப் பொய்யில்தான் வந்து நிற்கிறது.

தாய்ப்பால் வழியே எச்ஐவி பரவும். நாம் இருக்கும் குவாசுலு-நடாலில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருக்கிறது. "எங்கள் குடும்பத்தில் கெட்ட நோய் கிடையாது" என்பது எந்த ஆய்வகத்தில் கொடுத்த ரிப்போர்ட்? நீ கடைசியாகச் சோதித்துக்கொண்டது வயிற்றில் பிள்ளை இருந்தபோதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை மாதம் ஓடிவிட்டது. புதிதாகத் தொற்றியிருந்தால் அந்த நேரத்தில்தான் உடம்பில் கிருமி மிக அதிகம், பால் வழியாகப் போகும் வாய்ப்பும் அதிகம். முதல் சில வாரம் சோதனையில் தெரியாமலும் இருக்கும். அதனால்தான் முதலில் இல்லை என்று வந்தாலும், பால் கொடுக்கும் காலம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள். உன்னையோ உன் வீட்டுக்காரரையோ நான் குறை சொல்லவில்லை. விரலில் ஊசி குத்துகிற நர்ஸ் குலம் கோத்திரம் கேட்பதில்லை. கிருமி இருக்கிற தாய்மாரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, மருத்துவரின் மேற்பார்வையில் தங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள். இருப்பது தெரிந்தால் வழி உண்டு. தெரியாததுதான் ஆபத்து.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஆய்வாளர் ஓலிவ் ஷிசானா தலைமையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், தாய்க்குக் கிருமி இல்லாமலே பிள்ளைக்கு மட்டும் இருந்த சிலரைக் கண்டார்கள். தன்னைப் பெறாத வேறு பெண்ணிடம் பால் குடித்திருந்தது அதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. இப்போது உன் நாத்தனார் மகனின் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை, கிளினிக்கில் கொடுக்கிற அந்தக் குழந்தைநலப் பதிவேட்டை, நினைத்துப் பார். தாயின் சோதனை விவரம் அதில் இருக்கும். தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸ் "பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பாள். "என் பால் மட்டும்தான்" என்று இவள் சத்தியமாகச் சொல்வாள். நாளைக்கு அவனுக்கு ஏதாவது என்றால் உன்னைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நீ காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிட்டாலும், முலைக்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தாலும் இதே கதைதான். தாய்க்குத் தெரிந்தால்தானே கேட்பாள்? ஆபத்து ஒருபக்கம் மட்டும் இல்லை. 1988-89-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் எலிஸ்டா நகரில், மருத்துவமனை ஊசியால் எச்ஐவி தொற்றிய குழந்தைகளிடமிருந்து காம்பு வெடிப்பு வழியாகப் பால் கொடுத்த தாய்மாருக்கே பரவியிருக்கிறது.

முன்பின் தெரியாதவள் பாலைத் தானமாகக் கொடுத்தால்கூட அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டர்பனில் இருக்கும் இத்தெம்பா லேத்து பால் வங்கி போன்ற இடங்களில் கொடுப்பவளைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பிறகுதான் குழந்தைக்குப் போகும். உறவு என்பதற்காகச் சோதனையிலிருந்து உனக்கு விலக்கு எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று இரவே நாத்தனாரிடம் சொல். சிங்கில் ஊற்றியதையும் சேர்த்துச் சொல். அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைச் சொல்லாதே. அவள் அழுவாள், திட்டுவாள், சில நாள் பேசமாட்டாள். வாங்கிக்கொள். நாளைக் காலையில் கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துக்கொள். முடிவு அங்கேயே கொஞ்ச நேரத்தில் தெரியும். மறு சோதனை எப்போது என்று அவர்களிடமே கேட்டு வா. ஒருவேளை இருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே பையனையும் தூக்கிக்கொண்டு போங்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்து உண்டு, அது தாமதிக்கக் கூடாது. முடிவு தெரியும்வரை அவன் உன் மார்பில் வாய் வைக்க வேண்டாம்.

புட்டி வேண்டாம் என்றால் பாலாடை இல்லையா? ஊரிலிருந்து உன் மகளுக்கு ஒன்று வந்திருக்குமே. இல்லையென்றால் சின்னக் கிண்ணம் போதும். பையனை நிமிர்த்தி உட்கார வைத்து, விளிம்பைக் கீழுதட்டில் தொட்டால் அவனே நக்கிக் குடிப்பான். வாய்க்குள் கவிழ்த்து ஊற்றாதே, புரை ஏறும். அழுது களைத்த பிறகு கொடுக்காமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே கொடு. முதல் நாலு நாள் பாதி சட்டையில் வழியும், வழியட்டும். அவள் வரும் நேரத்துக்கு முன் வயிற்றை நிரப்பிவிடாதே. வந்ததும் அவளிடம் பசியோடு போகட்டும். சுரப்பு திரும்ப அதுதான் வழி.

அவளுக்கும் ஒரு சேதி. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவோ எடுக்கவோ தினம் இரண்டு முறை அரை மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று இந்நாட்டுத் தொழிலாளர் துறையின் 1998 நெறித்தொகுப்பு சொல்கிறது. மேனேஜரிடம் கேட்கச் சொல். கூச்சப்பட்டால் உன் வீட்டுக்காரர் உடன்போய்க் கேட்கட்டும், தங்கைக்கு அண்ணன் இதற்குக்கூட இல்லாமல் எதற்கு?

எல்லாம் தெரிந்த பிறகு, உன் சோதனையும் சரியாக இருந்து, "நான் இல்லாத நேரத்தில் நீயே கொடு அண்ணி" என்று அவள் வாயால் சொன்னால், தாராளமாகக் கொடு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. பெற்றவள் அவள்.

மாமியார் விஷயம். பெற்ற மகள் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு முருகனைத் துணைக்கு இழுக்கிறாரே, அந்த அம்மாவுக்கு என்ன சொல்ல? கார்த்திகைப் பெண்கள் ஒளித்து வைத்தா கொடுத்தார்கள்? சிவபெருமானே அவர்களை வாழ்த்தினார், இன்றைக்கும் கார்த்திகைக்கு நாம் விரதம் இருக்கிறோம். நாத்தனாரிடம் நீ சொல்லும்போது அவரும் பக்கத்தில் உட்காரட்டும். பெரியவள் சும்மா இருந்ததால்தான் ஒரு நாள் நடந்தது மூன்று வாரம் நீண்டது.

மகளுக்குப் பால் போதுமா என்றாய். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள் இருவருக்கும் கொடுத்து வளர்க்கிறார்கள். மகள் எடை ஏறுகிறதா, நாப்கின் நன்றாக நனைகிறதா என்று பார். நீயும் வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி.

முறை கேட்டாய். உங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் கேட்டால், பால் குடித்தவர்கள் உடன்பிறப்புதான், கல்யாணம் கூடாது என்பார்கள். அது அவர்கள் மார்க்கம். நம்மில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஐந்து மாதக் குழந்தைக்கும் மூன்றரை மாதக் குழந்தைக்கும் கல்யாணக் கணக்குப் போட உனக்கு நேரம் இருந்திருக்கிறது, பின்கட்டு வரை நடந்துபோய் நாத்தனாரிடம் சொல்லத்தான் நேரம் இல்லை. முதலில் அங்கே போ.