பெற்றோர் கேள்விகள்: செயலியை நீக்கினால் பணம் பிடிப்பது நிற்குமா?

என் மகன் கணக்கில் ரொம்ப வீக். நல்ல வெப்சைட் ஒன்று சொல்லுங்கள்.
எத்தனையாவது வகுப்பு? தமிழ் வழியா, ஆங்கில வழியா? மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா? எதையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஏழாம் வகுப்பு, தமிழ் வழி, அரசுப் பள்ளி. டியூஷனுக்கு வசதியில்லை.
இப்படிக் கேட்டால் பதில் சொல்லலாம். முதலில் பாடப்புத்தகத்தைத் திறங்கள். அதில் இருக்கும் கியூ.ஆர். கோடு அலங்காரத்துக்கு அல்ல. மத்திய அரசின் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவே வரும். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் 6 முதல் 12 வரை உள்ளவர்களுக்குத்தான். இரண்டுக்கும் காசு கிடையாது.

ஐந்தாம் வகுப்பு மகளுக்குப் பின்னம் புரியவே இல்லை.
அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்துக்குப் போங்கள். அங்கே பின்னப் பயிற்சியில் வட்டத் துண்டுகளை விரலால் இழுத்து நிரப்ப வேண்டும். கீழ் எண்ணை 4லிருந்து 8 ஆக்கினால் துண்டு சின்னதாகிவிடும். எண் பெருசானால் துண்டு ஏன் சின்னதாகிறது என்று அவளையே சொல்ல வையுங்கள். தளம் இலவசம், பல பயிற்சிகள் தமிழிலும் உண்டு. அப்புறம் பாடப்புத்தகக் கணக்கு, நோட்டில்.

இலவச டெமோ என்று சேர்ந்தோம். செயலியை நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போகிறது.
வாரம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வந்துவிடுகிறது. செயலியை நீக்கினால் ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு, நிற்காது! உங்கள் யு.பி.ஐ. செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியிடம் சொல்லுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

இதைவிட மோசம், தவணைத் திட்டம். செயலியை விற்க வீட்டுக்கு வரும் பையன் பிள்ளைக்கு நாலு கேள்வி போடுவான். பிள்ளை திணறும், அம்மா முகம் வாடும், உடனே டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பான். பல இடங்களில் அது கட்டணத் தவணையே அல்ல. ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் வாங்கிய கடன். பிள்ளை வகுப்பைப் பார்க்காவிட்டாலும் கடன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தானாகப் பணம் பிடிக்கும் முறையைத் தவிருங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. யார் காதில் விழுந்தது? நிறுவனம் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள், இதையும் எத்தனை முறை எழுதுவது!

துபாயில் இருக்கிறோம். மகன் தமிழ் பேசுவான், படிக்க வராது.
ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை முதல் நிலையிலிருந்து ஆரம்பியுங்கள். முறையாகக் கற்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கலாம்?
பத்து நிமிட வீடியோவுக்கு இருபது நிமிடம் நோட்டும் பென்சிலும். அதற்கு நேரமில்லை என்றால் வீடியோவும் வேண்டாம்.