அறிவியல் கேள்வி பதில்: குவேசார்களை ஏன் இத்தனை ஆண்டுகள் அளக்கிறார்கள்?

கேள்வி: விண்மீன் மண்டலங்களின் செயல்மிகு மையங்களை ரேடியோ தொலைநோக்கிகள் பல பத்தாண்டுகளாக அளந்துவருவதாகப் படித்தேன். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும் பொருள்கள், மனித ஆயுளுக்குள் அப்படி என்ன மாறிவிடும்?

பதில்: வியக்கத்தக்க அளவுக்கு மாறும். 3சி 273 என்ற குவேசாரின் (மிகப் பிரகாசமாக ஒளிரும் இத்தகைய செயல்மிகு மையம் ஒன்றின்) ரேடியோ ஒளிர்வு சில ஆண்டுகளிலேயே மாறுகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 26 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு வில்லியம் டென்ட் 1965-இல் அறிவித்தார். ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மங்கவோ ஒளிரவோ வேண்டுமானால், ஒளி அதைக் கடக்கும் நேரம் அந்த மாற்றத்துக்கு ஆகும் நேரத்தைவிட மிகுதியாக இருக்க முடியாது. ஆகவே ஒரு விண்மீன் மண்டலத்தையே விஞ்சும் ஆற்றல், அதன் மையத்தில் மிகச் சிறிய இடத்திலிருந்து வருகிறது என்பது தெளிவாயிற்று.

அதே தொலைநோக்கியில் ஹியூ அல்லர், மார்கோ அல்லர் இருவரும் 4.8, 8, 14.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்களில் 2012 வரை அளவீடுகளைத் தொடர்ந்தார்கள். மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: வெடிப்பு, அதாவது ஒளிர்வின் திடீர் எழுச்சி, பெரும்பாலும் 14.5-இல் முதலில் உயர்கிறது. பிறகு 8-இலும், கடைசியாக 4.8-இலும், பல வேளைகளில் சற்று வலுக்குறைந்து, உச்சத்தைத் தொடுகிறது. மையத்திலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் தாரையில் (குறுகிய பொருளோட்டத்தில்) அதிர்ச்சி அலை எழும்போது, அங்குள்ள அடர்ந்த பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்களாலான வாயு) தான் உமிழும் தாழ் அதிர்வெண் அலைகளைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அது விரிந்து அடர்த்தி குறைந்த பின்னரே அவை வெளியேற முடிகிறது.

பழைய அளவீடுகளின் அருமைக்கு பிகேஎஸ் 2131-021 என்ற பிளேசாரைவிடச் (தாரை ஏறத்தாழ நம்மை நோக்கியிருக்கும் செயல்மிகு மையத்தைவிடச்) சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள 40 மீட்டர் தொலைநோக்கி, 2008 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளேசார்களை 15 கிகாஹெர்ட்ஸில் வாரம் இருமுறை என்ற கணக்கில் அளந்து வந்தபோது, இதன் ஒளிர்வு ஏறத்தாழ 5 ஆண்டுக்கு ஒருமுறை சீராக ஏறி இறங்குவது தெரிந்தது. தற்செயலான ஏற்ற இறக்கமும் சில சுற்றுகளுக்கு ஒழுங்குபோலத் தோன்றக்கூடும் என்பதால், ஆய்வாளர்கள் மிச்சிகன், ஹேஸ்டாக் நிலையங்களின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார்கள். 1970-களின் பிற்பகுதியிலும் அதே அலை, அதே கால அளவில் இருந்தது. இடையில் சுமார் 20 ஆண்டுகள் மறைந்து, மீண்டும் தோன்றியிருக்கிறது. ஒன்றையொன்று சுற்றும் இரு பெருங்கருந்துளைகள் அங்கிருக்கலாம் என்ற முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். அன்றைக்கு அளந்தவர்கள் இதைத் தேடி அளக்கவில்லை.

கேள்வி: அத்தனை ஆண்டுகளில் கருவியே மாறிவிடாதா?

பதில்: மாறும், அலைகளை வாங்கும் ஏற்பிகள் புதுப்பிக்கப்படும். அதனால்தான் ஒளிர்வு மாறாத 3சி 286 போன்ற மூலங்களையும் உடன் அளந்து, மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். இந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், 1970-களின் எண்ணை இன்றைய எண்ணோடு ஒரே வரைபடத்தில் வைத்திருக்கவே முடியாது.