ஏழு வயதில் மஞ்சளாய் முளைத்த கடைவாய்ப்பல்: பெங்களூர் தண்ணீர் காரணமா?

தம்பி, மதுரையிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது, ஏழு வயது மகளுக்குப் புதிதாக முளைத்த கடைவாய்ப்பல் ஒன்று மஞ்சள் திட்டோடு ஓரம் உதிர்கிறது, டேங்கர் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தப் பல்லின் எனாமல், அதாவது மேலே இருக்கும் கெட்டியான உறை, அவள் பிறந்த சமயத்தில் உருவாகத் தொடங்கி, மூன்று வயது வாக்கிலேயே முடிந்துவிட்டது. அப்போது நீங்கள் மதுரையில்தானே இருந்தீர்கள்?

போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் பல்லில் கறை வரும், உண்மைதான். இங்கே கோலார் பக்கம் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் அது இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி, எல்லை தெரியாமல் பரவியிருக்கும். நீங்கள் சொல்வது ஒரே பல்லில், கோடு கிழித்தாற்போல் தனியாகத் தெரியும் திட்டு. பல் டாக்டர்கள் இதை எம்.ஐ.எச். (மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்) என்பார்கள். எனாமல் தேவையான கனத்துக்கு வந்திருக்கும், தாதுச்சத்துதான் சரியாக ஏறியிருக்காது. உலக அளவில் ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கிறது. பிரசவ நேரச் சிக்கல், சிறு வயதுக் காய்ச்சல், பரம்பரை என்று பலதும் சேர்ந்து வருவது. சாக்லேட் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று உங்கள் மனைவியை யாரும் குறை சொல்ல விடாதீர்கள்.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முளைப்பது இது. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.

என் மகனுக்கும் இதுதான். டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொள்வான். அந்தக் கூச்சத்தில் அந்தப் பக்கம் பிரஷ் போகாது, சீக்கிரமே சொத்தை பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள், 1000 பி.பி.எம்.முக்குக் குறையாத ஃபுளோரைடு பேஸ்ட் வாங்குங்கள்.

குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டரிடம் போங்கள். விக்டோரியா மருத்துவமனை பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லேசாக இருந்தால் ஃபுளோரைடு வார்னிஷ் தடவி, சிமென்ட் போல ஒன்றால் மூடுவார்கள். நிறைய உதிர்ந்திருந்தால் ஸ்டீல் கேப்; என் மகனுக்கு அதுதான் போட்டார்கள், அதன்பிறகு அந்தப் பக்கமும் மென்று சாப்பிட்டான். காப்பாற்றவே முடியாது என்றால் எட்டிலிருந்து பத்து வயதுக்குள், எக்ஸ்ரே பார்த்து, பின்னால் உருவாகும் பல் அந்த இடத்துக்கு வரும்படி கணக்குப் போட்டுப் பிடுங்குவதும் உண்டு. அதைக் கம்பி கட்டும் டாக்டரையும் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இந்தப் பல்லில் மரப்பு ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காது. வலிக்கிறது என்று பாப்பா சொன்னால் பயத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிடாமல், அங்கேயே டாக்டரிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

சின்னவனுக்கு நாலு வயது என்றீர்கள். அவனுடைய கடைசிப் பால் கடைவாய்ப்பற்களில் இதே மாதிரி திட்டு இருக்கிறதா என்று, பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போதே காட்டிவிடுங்கள். இருந்தால் ஆறு வயதில் முளைக்கும் பல்லை முதல் நாளிலிருந்தே கவனிக்கலாம்.