நடிப்புப் பயிற்சி எதுவும் இல்லாத நண்பர்கள் சேர்ந்து மேடை நாடகம் போட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். 11 வருடமாக அப்படி ஒரு குழுவில்தான் இருக்கிறேன். எல்லோரும் வேலை முடிந்து மாலையில் கூடுகிறவர்கள், நாடகத்தால் யாருக்கும் வருமானம் இல்லை. இதுவரை 9 நாடகங்கள் போட்டிருக்கிறோம். நீங்கள் ஆறு பேர், ஒருவரும் மேடை ஏறியதில்லை, வசனம் மறந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தேட வேண்டியது நல்ல நடிகரை அல்ல. நடிக்காமல், ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரச் சம்மதிக்கும் ஒருவரைத் தேடுங்கள். ஸ்டேஜ் மேனேஜர் என்பார்கள், மேடை நிர்வாகி என்பார்கள். யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், வரும்போது கையில் என்ன இருக்கிறது, எந்த வசனத்தில் விளக்கு மங்குகிறது, நேற்று எங்கே தடுமாறினோம், எல்லாம் அவர் கையிலுள்ள ஒரே பிரதியில் இருக்கும். பல குழுக்களில் வேடம் கிடைக்காதவரைச் சமாதானப்படுத்த இந்த வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். நாங்களும் முதல் இரண்டு நாடகங்களில் அப்படித்தான் செய்தோம். இரண்டிலும் ஒத்திகை பாதி நேரம் "போன தடவை நான் எங்கே நின்னேன்?" என்ற பேச்சிலேயே போனது. மூன்றாவது நாடகத்துக்குக் கணக்கு வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்தார். நடிக்க ஆசையில்லை, நாடகம் உருவாவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். இன்றுவரை எங்கள் குழு கலையாமல் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

பயிற்சி இல்லையே என்ற தயக்கத்துக்கு ஒரு வார்த்தை. நாடகம் புதுத் திசையில் திரும்பிய பல சமயங்களில் அங்கே அமெச்சூர்கள் இருந்திருக்கிறார்கள். பாரிஸில் எரிவாயு நிறுவனத்தில் எழுத்தராக இருந்த ஆந்த்ரே ஆந்த்வான், 1887 மார்ச்சில், தன்னைப் போலவே நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்களோடு 'சுதந்திர அரங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். மேடைக்கு வேண்டிய மேசை நாற்காலியை அம்மா வீட்டிலிருந்து கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். நிஜ வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நிஜ மனிதர் பேசுவதுபோலப் பேசினார்கள். அதைப் பின்பற்றி 1889இல் பெர்லினிலும் 1891இல் லண்டனிலும் அதே மாதிரி அரங்கங்கள் முளைத்தன. அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் வழக்கறிஞராக, நீதிபதியாக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார், நடித்தார். உங்கள் ஆறு பேர் நிற்பது இந்த வரிசையில்தான்.

நாடகத் தேர்வுக்கு வருவோம். ஒரே இடத்தில் நடக்கும் கதை, நான்கைந்து பாத்திரம், 40 நிமிடம். முதல் நாடகத்துக்கு இதற்கு மேல் போகாதீர்கள். காட்சி மாற்றத்துக்காக விளக்கை அணைத்து நாற்காலியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர் கையிலிருந்து நழுவுகிறார், அவரைத் திரும்பப் பிடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது, ஐரோப்பிய நாடுகளில் 70. ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் இறந்தது 1904இல், நார்வே நாடகாசிரியர் இப்சன் 1906இல், அதனால் மூல நாடகங்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் பெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் இன்னொரு வேலையும் காத்திருக்கும். அச்சில் படிக்க நன்றாக இருக்கும் வசனம் பல சமயம் வாயில் உட்காராது. "நீ ஏன் என்னிடம் முன்பே கூறவில்லை?" என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. முதல் வாசிப்பிலேயே அவரவர் வசனத்தை அவரவர் பேசும் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே குடும்பமாக நடிப்பவர்கள் நான்கு விதப் பேச்சில் பேசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வேடம் பிரிப்பதில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டிரண்டு பேராக ஒரு காட்சியை வாசிக்கச் சொல்லி, பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், எதிரில் இருப்பவரைப் பாருங்கள். தன் முறைக்காகக் காகிதத்தில் விரலை வைத்துக் காத்திருக்கிறாரா, சொல்வதைக் கேட்கிறாரா என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். கேட்கிறவருக்குப் பெரிய வேடம் கொடுங்கள்.

ஒத்திகைக்கு எங்கள் கணக்கு, மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம். 40 நிமிட நாடகம் என்றால் 40 மணி நேரம். வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடினால் ஏழு வாரம் பிடிக்கும். முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். அடுத்த இரண்டு வாரம் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று பிளாக்கிங். ஒத்திகை நடக்கும் அறையின் தரையில் மேடையின் அளவை அப்படியே டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். கதவு வரும் இடம், மேசை வரும் இடம் எல்லாம் குறியுங்கள். பெரிய அறையில் பழகிவிட்டுச் சின்ன மேடைக்குப் போனால் கால் தடுமாறும், கால் தடுமாறினால் வசனமும் தடுமாறும். வலது இடது என்பது எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது இடது. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பல சண்டைகள் மிச்சமாகும். குறிப்புகள் எல்லாம் பென்சிலில்தான். நிச்சயம் மாறும்.

நான்காவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று முதல் யார் கையிலும் காகிதம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மறந்தால் "வரி" என்று மட்டும் சொல்ல வேண்டும், ஸ்கிரிப்ட் பிடிக்கிறவர் அடுத்த நான்கு சொல்லை எடுத்துக் கொடுப்பார். மன்னிப்பு கேட்பது, தலையில் அடித்துக்கொள்வது எதுவும் வேண்டாம். பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் வரியை வாங்கிக்கொண்டு மேலே போகப் பழக வேண்டும்.

இப்போது குரல். சத்தமாகப் பேசச் சொல்வதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் நடிக்கிறவர்களுக்கு அது போதாது. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தாரா, செய்யவில்லையா, செய்வாரா, செய்யவே மாட்டாரா, அத்தனையும் கடைசிச் சொல்லில் இருக்கிறது. புதிதாக நடிக்கிறவருக்கோ தொடக்கத்தில் மூச்சு நிறைந்திருக்கும், முடிவில் தீர்ந்துபோகும். எங்கள் மூன்றாவது நாடகத்தில் ஒரு தம்பி உயிரைக் கொடுத்துச் சொன்ன வசனம்: "அந்தப் பணத்தை நான் எடுக்கலை." முன்பாதி கணீரென்று கேட்டது. 'எடுக்கலை'யின் பின்பாதி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நாடகம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வந்து, "எடுத்தேன்னு ஒத்துக்கிட்ட பிறகும் அம்மா ஏன் அவனை நம்புறாங்க?" என்று கேட்டார். ஏழு வார உழைப்பு ஓர் அசையில் அவரைச் சேராமல் போயிருந்தது. அந்தத் தம்பியின் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சி செய்கிறோம். வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டுவது. "எடுக்கலை." மூச்சு. "நான் எடுக்கலை." மூச்சு. "அந்தப் பணத்தை நான் எடுக்கலை." இப்படிப் பழகினால் வாக்கியம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வாய்க்கு முன்பே தெரிந்திருக்கும், மூச்சு அதற்கேற்ப மிச்சம் வைக்கும். கூடவே, ஒத்திகையின்போது ஒருவர் அறையின் கோடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வாக்கிய முடிவு கேட்காத இடத்தில் எல்லாம் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் கை இறங்கவே இறங்காது. பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.

மேடை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் இரண்டாவது நாடகத்துக்கு ஒரு கூடத்தைத் தொலைபேசியிலேயே உறுதி செய்திருந்தோம். காட்சி நாளன்று போனால் மேடையின் இடதுபுறக் கதவு பூட்டு, சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. எங்கள் பாத்திரங்களில் பாதிப் பேர் இடது பக்கமாக வந்து போகிறவர்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லா வரவையும் வலது பக்கத்துக்கு மாற்றினோம். கைகுலுக்க நீட்டிய கைகள் தப்பான பக்கத்தில் நீண்டன. இப்போது தேதி வாங்கும் முன்பே அக்கா நேரில் போய்க் கதவுகளைத் திறந்து பார்க்கிறார், மேடையை அளக்கிறார், எத்தனை மின்சுற்று இருக்கிறது, எவ்வளவு பளு தாங்கும் என்று கேட்கிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பேசச் சொல்கிறார். விளக்கு, ஒலி மட்டும் ஓட்டிப் பார்க்க ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். அன்று நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நடிகர்கள் பொறுமையாக நிற்பதுதான் அன்றைய வேலை.

இனி அந்தப் பயம். வசனத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், எதிராளியின் கடைசி வரியோடு சேர்த்துப் படியுங்கள். உட்கார்ந்து படிக்காமல், மேடையில் செய்யும் அசைவைச் செய்துகொண்டே படியுங்கள். ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் என்ற ஆய்வாளர்கள் நடிகர்களின் நினைவாற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அசைவோடு சேர்ந்த வரிகள் நன்றாக நினைவில் நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. பாத்திரம் இதை ஏன் சொல்கிறது என்று தெரிந்தவருக்குச் சொல் வந்து சேரும் என்பதும் அவர்கள் ஆய்வில் உண்டு. எங்கள் அனுபவமும் அதுவே.

இவ்வளவு செய்தும் மறக்கலாம். எனக்கு நடந்தது. ஐந்தாவது நாடகம், சுமார் 70 பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூத்த மகன். அம்மாவாக நடித்தவர் 11ஆம் பக்கத்தில் "அவன் எப்ப வர்றேன்னு சொன்னான்?" என்று கேட்பார், நான் "நாளைக்கு ராத்திரி" என்பேன். 19ஆம் பக்கத்தில், கடிதம் வந்து, அதைப் படித்த பிறகு, அதே கேள்வியை அதே சொற்களில் கேட்பார். அப்போது என் பதில், "இனிமே வரமாட்டான்மா." 11ஆம் பக்கத்தில் நான் 19ஆம் பக்கத்துப் பதிலைச் சொல்லிவிட்டேன். கடிதம் இன்னும் வரவில்லை. அதைக் கொண்டுவர வேண்டிய தம்பி மேடைக்கே வரவில்லை. சொன்ன அடுத்த நொடி எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளங்கை ஜில்லிட்டது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்கிரிப்டில் அது இல்லை. "உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார், அதுவும் இல்லை. நான் பதில் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் பக்கத் திரைக்குப் பின்னால் அக்கா பக்கங்களைப் புரட்டி, 14ஆம் பக்கத்தில் வர வேண்டிய தம்பியின் கையில் கடிதத்தைத் திணித்து உள்ளே அனுப்பிவிட்டார். விளக்குக்காரருக்குக் கையைக் காட்டி, 13ஆம் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய அந்தி வெளிச்சத்தை அங்கேயே மெல்ல இறக்கச் சொன்னார். தம்பி உள்ளே வந்து தன் சொந்த வசனத்தைச் சொன்னார்: "இது இப்பத்தான் வந்துது." அவ்வளவுதான், நாங்கள் 14ஆம் பக்கத்தில் இருந்தோம். மூன்று பக்கம் போனது, கதை போகவில்லை. 19ஆம் பக்கத்தில் "இனிமே வரமாட்டான்மா" என்று இரண்டாவது முறை சொன்னபோது கூடத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. மகனுக்கு முன்பே மனதில் பட்டுவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது புது ஸ்கிரிப்ட் வந்தால், முதல் வாசிப்பு முடிந்த கையோடு, ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வருகிறதா என்று அக்கா தேடுகிறார். இருந்தால் இரண்டையும் எல்லோர் பிரதியிலும் பென்சிலால் வட்டமிடச் சொல்கிறார். நாங்களே எழுதிய நாடகமாக இருந்தால் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து மாற்றிவிடுகிறோம்.