பாமினிக் கோப்புகளும் லினக்ஸும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வீட்டுக் கணினி பழையது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. 11 இதில் ஏறாதாம், புதிது வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். லினக்ஸ் பற்றி எழுதுகிறீர்களே, விண்டோஸுக்குப் பதிலாக அந்த இயங்குதளத்தைப் போட்டால் தமிழில் அடிக்க முடியுமா? பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் குறிப்புகள் என்ன ஆகும்? மருமகள் டாலியில் கணக்கு எழுதுவதும் இதே கணினியில்தான்.

இன்னொன்று, தவறாக நினைக்க வேண்டாம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் என்று இவ்வளவு பேசும் நீங்கள் தொடர்புக்கு ஜிமெயிலும் வாட்ஸப்பும் கொடுத்திருக்கிறீர்களே, அது எப்படி?

வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள ஐயா,

டாலியை முதலில் முடித்துவிடுகிறேன். அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மார்ச் கடைசியில் அது மக்கர் செய்தால் மருமகளிடம் திட்டு வாங்கப்போவது நீங்கள். விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்திலேயே லினக்ஸையும் போடுங்கள். கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும். விண்டோஸ் பக்கம் டாலியோடு நிற்கட்டும். அங்கே இணையத்தில் உலாவ வேண்டாம். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் ஓடுவதுதானே, அதை லினக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. உங்கள் கணினியில் அவை இல்லாமலிருக்கலாம். அதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டுமா? பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி வட்டைப் போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பை எடுங்கள். பார்க்கக் கொஞ்சம் பழையதாக இருக்கும், இலேசானது.

தமிழில் அடிக்கலாம். ஐபஸ் என்ற நிரலோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாம் வந்துவிடும். பாமினியில் பழகிய விரல்களுக்குத் தட்டச்சு முறையே தோதுப்படும்.

உங்களுக்கு உண்மையான வேலை அந்தப் பழைய கோப்புகளில்தான். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்ட எழுத்துரு. நீங்கள் ‘தமிழ்’ என்று அடித்தபோது கோப்புக்குள் போனது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியேதான் தெரியும். முதலில் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவுங்கள், வேர்டு போன்ற லிப்ரேஆபிஸ் ரைட்டரில் உங்கள் குறிப்புகள் தமிழாகவே திறக்கும். அப்புறம், எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல் ஒன்றில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அந்த நிரல் அதையும் தமிழென்று நினைத்து உளறிவைக்கும். பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஆங்கில வரியில் வரும் காற்புள்ளியெல்லாம் இகரமாகிவிடும். அப்பர் கரையேறிய கதையை எழுதும்போது கல்வெட்டு அறிக்கைகளிலிருந்து ஆங்கில வரிகளை எடுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. மழைக்கால விடுமுறை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறை அந்தக் குறிப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்க யூனிகோடு ஒன்றுதான் வழி. பதிப்பாளர் தன் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்குப் பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்றால், மாற்றிக்கொள்வது அவர் பாடு.

இப்போது ஜிமெயில். எந்த மென்பொருளையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன்: நான் போட்டதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா? ஜிமெயிலில் முடியும். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலில் கணக்கைச் சேர்த்து, எல்லா அஞ்சலையும் என் வட்டுக்கு இறக்கிவைத்திருக்கிறேன். நாளைக்கே கணக்கை மூடினாலும் எனக்கு நஷ்டம் முகவரி மட்டும்தான். இந்த ஜாக்கிரதை சும்மா வரவில்லை. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-இல் இழுத்து மூடினார்கள். கூகுள் போட்டோஸில் படங்களை அளவில்லாமல் வைக்கலாம் என்று பழக்கிவிட்டு, 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றுவதை 15 ஜிபி கணக்கில் சேர்த்தார்கள். அது அஞ்சலுக்கும் சேர்த்து ஒரே 15 ஜிபி. பேரன் வீடியோ நிரம்பினால் பென்ஷன் அலுவலக அஞ்சல் வராது.

வாட்ஸப் என் கேள்விக்குத் தேறாது. உரையாடலை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், அதைப் பெரும்பாலான வேறு செயலிகளில் அப்படியே தொடர முடியாது. ஆனால் புதுச்சேரியில் எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா இன்றைக்கு வஞ்சிரமா சங்கராவா என்பதை அங்கேதான் போடுகிறார். அவரை சிக்னல் என்ற கட்டற்ற செயலிக்கு வாருங்கள் என்று கூப்பிடும் அளவுக்கு எனக்குக் கொள்கைப் பிடிப்பு இல்லை. வாட்ஸப்பில் பேசுவேன், எழுதி வைக்க வேண்டிய எதையும் வைக்க மாட்டேன். இலக்கியக் குழுக்களில் அருமையான கட்டுரைகளை அங்கே அடித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்துவிடுங்கள். விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினை குரோம் வெளியேற்றிவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் அது இன்னும் வேலை செய்கிறது.

எதையும் நிறுவுவதற்கு முன் மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள். வட்டில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். பிரிண்டர்தான் பெரும்பாலும் சண்டை போடும், அதன் மாடல் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஜிமெயிலுக்கே அனுப்பலாம்.