தாய்லாந்துப் பயணம்: மார்த்தாண்டம் தம்பிக்கு

தம்பி, 10 நாள் தாய்லாந்துக்கு ரூபாயைக் கட்டாகக் கொண்டுபோகலாமா, 5 ஜீன்ஸ் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ரூபாய் 25,000க்கு மேல் வெளியே கொண்டுபோக அனுமதியே இல்லை. அங்குள்ள ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் பிடிப்பார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள், ரூபாயிலா பாட்டிலா என்று திரை கேட்டால் பாட் என்றே அமுக்குங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் ரேட். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுமுன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்துவிடுங்கள் (நான் மறந்துபோய் முதல் ராத்திரியே கூட வந்தவனிடம் கடன் வாங்கினேன்). அப்புறம் துணி. கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் விடுதிகளைச் சுற்றியே உண்டு. உள்ளாடையை மட்டும் அறையில் அலசி, நம்ம ஊர்த் துவர்த்தில் (துண்டில்) சுருட்டி முறுக்கிக் காயப்போடுங்கள். ஜீன்ஸ் ஒன்று போதும், அதுவும் போட்டுக்கொண்டு போவது.