உய்குர் மெஷ்ரெப்பும் மொழியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இசை மாணவி ஒருவர்: ஐயா, சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வாழும் முஸ்லிம்களான உய்குர் மக்களின் மெஷ்ரெப்பை யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கக் கோரியதே சீன அரசுதான். அப்படியிருக்க, அந்தப் பண்பாட்டை அது ஒடுக்குகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: மெஷ்ரெப் அடிப்படையில் ஊர்க்கூட்டம், மேடை நிகழ்ச்சி அன்று. விரிப்பில் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் தேநீர்க் கிண்ணத்தை ஏந்தி ஒரு பாடலைச் சொல்லி மற்றவரிடம் நீட்டுவார். ஆட்டமும் பாட்டும் நடக்கும். தவறு செய்தவனை அங்கேயே விசாரித்து, சிரிக்கவைத்துத் திருத்துவார்கள். 1990களின் நடுவில் சின்ஜியாங்கின் குல்ஜா நகரத்து இளைஞர்கள் குடிப்பழக்கத்துக்கு எதிராக இக்கூட்டங்களை மீட்டெடுத்தபோது, 1995-இல் அரசு அவற்றைத் தடை செய்தது. 1997 பிப்ரவரியில் அந்நகரில் எழுந்த ஆர்ப்பாட்டம் துப்பாக்கிச் சூட்டில் அடக்கப்பட்டது. அவசரமாகக் காக்க வேண்டிய மரபு என்று மெஷ்ரெப் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2010-இல். பயணிகள் பார்க்க ஆடலாம், அக்கம்பக்கத்தார் தாமாகக் கூடக் கூடாது என்றால், மிஞ்சுவது உடையும் தாளமும் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரி ஆசிரியர் ஒருவர்: ரஹிலே தாவுத் செய்த குற்றம் என்ன?

பதில்: அவர் செய்தது ஆய்வு. சின்ஜியாங் பல்கலைக்கழகத்து மானுடவியலாளரான அவர், பாலைவன ஓரத்துத் தர்காக்களுக்குச் சென்று, கம்புகளில் கட்டப்படும் வண்ணத் துணிகளையும் அங்கே வழங்கும் கதைகளையும் பொறுமையாகப் பதிவு செய்தவர். அதற்கு அரசின் நிதியும் கிடைத்தது. 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023-இல்தான் வெளியுலகுக்கு உறுதியாயிற்று. கோத்தான் அருகே இமாம் ஆசிம் தர்காவின் கட்டடங்கள் அகற்றப்பட்டிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

மற்றொருவர்: இவை மேலைநாடுகளின் பிரசாரம் என்கிறார் என் நண்பர்.

பதில்: ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட அறிக்கையை அவருக்குக் கொடுங்கள். சின்ஜியாங்கில் உய்குர்களும் பிற முஸ்லிம்களும் வைக்கப்பட்ட தடுப்புக்காவல்கள் மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று அது சொல்கிறது.

வெளிநாட்டில் வாழும் தாய் ஒருவர்: ஐயா, புலம்பெயர்ந்த உய்குர் பிள்ளைகள் தாய்மொழியை எப்படிக் கற்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் வார இறுதி வகுப்புகளில், பெற்றோரின் உழைப்பில். காஷ்கரில் உய்குர் மழலையர் பள்ளி நடத்தியதற்காக 2013-இல் கைதான மொழியியலாளர் அப்துவெலி அயுப் இப்போது நார்வேயில் வாழ்கிறார். அரசே அச்சிட்டு வழங்கிய உய்குர் பாடநூல்களுக்காகக் சின்ஜியாங் கல்வித்துறைத் தலைவராக இருந்த சத்தார் சாவுத்துக்கு ஈராண்டு ஒத்திவைப்புடன் மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்தால், வெளியே எழுதப்படும் ஒவ்வொரு பாடநூலின் அருமையும் உங்களுக்குப் புரியும்.

எழுத்து இன்னொரு சிக்கல். சீனாவில் 1980களில் மீட்கப்பட்டது அரபு வழி எழுத்து, கஜகஸ்தானில் உய்குர்கள் எழுதுவது ரஷ்ய மொழிக்கு வழங்கும் சிரிலிக் எழுத்தில். அந்நாட்டின் அல்மாத்தி நகரில் உய்குர் நாடக அரங்கும் செய்தித்தாளும் இன்றும் இயங்குகின்றன. ஆனால் அந்தச் செய்தித்தாளை இஸ்தான்புல்லில் அரபு எழுத்து மட்டும் படித்த உய்குர்ச் சிறுமியிடம் கொடுத்தால், யாராவது வாசித்துக் காட்டினால்தான் அது தன் மொழி என்று அவளுக்குத் தெரியும்.